இரண்டு விரல் இடைவெளி

லிஃப்ட்காரன் பல் விளக்கிக்கொண்டே பால்கனிக்கு வந்திருக்கக் கூடாது. வராமல் இருந்திருந்தால் கீழே நடந்ததைப் பார்த்திருக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையாகவே போயிருக்கும்.

குடியிருப்பின் வாசலில் ஒரு நீலக் கார் நின்றிருந்தது. நின்றது என்பதைவிடப் படுத்திருந்தது என்பதே பொருத்தம். அவ்வளவு தாழ்வாக, தரையோடு தரையாக. அதிலிருந்து சாவியைச் சுழற்றிக்கொண்டு இறங்கியவன் லிஃப்ட்காரனுடைய மனைவியின் அத்தை மகன். தரைக்கு ஓடு விற்பவன். சிரித்தால் பல் வரிசையும் அவன் கடை ஓடு மாதிரியே பளபளக்கும்.

வீட்டுச் செருப்போடு, தலையை அள்ளி முடிந்துகொண்டே மனைவி ஓடினாள். நேராகப் போய் முன்சக்கரத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டயருக்கும் அதன் மேல் வளைவுக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தாள்.

"ரெண்டு விரல்தான் அத்தான் போகுது! எப்படி இது? சும்மா அள்ளுது!"

அத்தான். அந்தச் சொல் மூன்றாவது மாடிவரை ஏறி வந்து லிஃப்ட்காரனின் நெஞ்சில் உட்கார்ந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவனுக்கு வாய்த்தது 'என்னங்க' மட்டும்தான். மருந்துக் கடைக்காரரையும் அவள் 'என்னங்க' என்றுதான் கூப்பிடுகிறாள். தண்ணீர்க் கேன் போடுபவரும் 'என்னங்க'தான். அத்தான் மட்டும் உலகத்திலேயே ஒருத்தன்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். "என்னங்க, பாத்தீங்களா? இதுக்குப் பக்கத்துல நம்ம வண்டி, தண்ணியில இறங்க பேன்ட்டைச் சுருட்டிவிட்ட ஆளாட்டம் நிக்குது!"

அத்தை மகன் சிரித்தான். வாசல் காவலாளி, தனக்குச் சம்பந்தமே இல்லாமல், அவனைவிட அதிகமாகச் சிரித்தார். லிஃப்ட்காரன் வாய் நிறைய நுரையோடு நின்றான்.

"பிரதர்! வாங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்!"

லிஃப்ட்காரன் பல்துலக்கியை ஆட்டி 'நீங்க போங்க' என்று சைகை காட்டினான். அவர்கள் போயே விட்டார்கள். மறுபடி கூப்பிடுவான், கெஞ்சுவான், 'நீங்க இல்லாம எப்படி' என்பான் என்று நினைத்தவனுக்குக் காதில் புகை வராத குறை.

திரும்பி வந்தவள் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, வந்தவனைத் தன் வேலை அறைக்குள் அழைத்துப் போனாள். கட்டடங்களுக்கு முன்மாதிரி செய்வது அவள் தொழில். இடம் வாங்க வருபவர்களிடம் காட்ட, இனிமேல்தான் எழும்பப்போகிற அடுக்குமாடிகளைக் கட்டுமானக்காரர்கள் பொம்மையளவில் செய்து கேட்பார்கள். அவள் அறை முழுக்கப் பசை வாசனை. மேசையில் ஒரு முழுக் குடியிருப்பே எழுந்து நின்றது: ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக நான்கு கோபுரங்கள், நடுவே நீலக் கண்ணாடியில் நீச்சல் குளம், பஞ்சுக்குச் சாயம் ஏற்றிச் செய்த மரங்கள், பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அரிசியளவு மனிதர்கள்.

"இதுல நான் எங்கே?" என்று கேட்டான் அத்தை மகன்.

"இதோ, இந்த மொட்டை மாடியில தனியா நிக்கிறீங்க. யாரும் பொண்ணு குடுக்கல."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். 'நான் எங்கே?' என்று இத்தனை வருடத்தில் தான் ஒருநாளும் கேட்கவில்லையே என்பது லிஃப்ட்காரனுக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்கும் சேர்த்து வந்தவன் மேல்தான் கோபம் வந்தது. சின்ன வயதில் 'இவங்க ரெண்டு பேருக்கும்தான்' என்று வீட்டில் விளையாட்டாகச் சொல்வார்களாம். அதைச் சொன்னது மாமியார். சொல்லிவிட்டு, "எங்க, ரெண்டும் எலியும் பூனையுமா அடிச்சுக்கிட்டுக் கெடந்துச்சு" என்று முடித்திருந்தார். அவனுக்கு முதல் பாதி மட்டும்தான் மனதில் தங்கியிருந்தது.

லிஃப்ட்டுகளைப் பழுது பார்ப்பது அவன் வேலை. மறுநாள் அங்கேயும் அதே நினைப்புதான். ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தில், லிஃப்ட் குழியின் அடியில் அவனும் அவனோடு வேலை பார்க்கும் ஒல்லியும் இறங்கியிருந்தார்கள். லிஃப்ட் தப்பித்தவறி எல்லை தாண்டி இறங்கிவிட்டால் தாங்கிக்கொள்வதற்காகக் குழியில் நிற்கும் பெரிய ஸ்பிரிங்கைத் துடைத்துக்கொண்டே லிஃப்ட்காரன் கேட்டான்:

"ஏன்டா, காரை இறக்கணும்னா என்ன பண்ணணும்?"

"எங்கருந்து இறக்கணும்?"

"தரையோட தரையா இறக்குறது. பசங்க பண்றாங்களே."

ஒல்லி அவனை ஏற இறங்கப் பார்த்தான். "உனக்கு என்ன வயசு?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"குட்டை ஸ்பிரிங்குன்னு தனியா விக்குது. வண்டியில இருக்குறதைக் கழட்டிட்டு அதைப் போட்டா உக்காந்துரும். அவ்ளோதான். யாரு வண்டி?"

"என்னுது."

"வீட்டுல சண்டையா?"

"சண்டை எல்லாம் ஒண்ணுமில்ல. அழகுக்கு."

"அழகுக்கு!" என்று ஒல்லி குழிக்கே சொன்னான். குழி அதைத் திருப்பிச் சொல்லிக் காட்டியது.

சனிக்கிழமை ஒல்லியையும் கூட்டிக்கொண்டு உதிரிபாகக் கடைக்குப் போனான். சிவப்பு வண்ணம் பூசிய நான்கு ஸ்பிரிங்குகளைக் கடைக்காரர் மேசைமேல் வைத்தார். வைத்தவர் கையை எடுக்கவில்லை.

"ஷாக் அப்சார்பர் புதுசா?"

"வண்டி வாங்கினப்ப வந்தது. நல்லாத்தான் இருக்கு."

"இல்லைங்க, கேளுங்க. ஷாக் இந்த உயரத்துக்குன்னு செஞ்சது. வண்டியை இறக்கினா அதோட தண்டும் பாதி உள்ள போயிரும். குழியில விழுந்தா அதுக்கு மேல போக இடமே இருக்காது. உள்ள இருக்குற ரப்பர் ஸ்டாப்பரையாவது பாதி வெட்டிருங்க. ஷாக்கும் சேத்து மாத்தினா இன்னும்..."

"அண்ணே, ஸ்பிரிங் பத்தி எனக்குச் சொல்றீங்களா? பதினாறு மாடி லிஃப்ட்டைத் தாங்குற ஸ்பிரிங்கோட பொழப்பு நடத்துறவன் நான்."

கடைக்காரர் கையை எடுத்துக்கொண்டார். "அப்ப சரி."

அன்று மத்தியானமே, லிஃப்ட் கம்பெனி கிடங்கின் பின்னால் காரை முட்டுக்கொடுத்து நிறுத்தி இருவரும் கழற்றினார்கள். பழைய ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, அதே ஷாக்கில் சிவப்பு ஸ்பிரிங்கை மாட்டும்போது, தண்டில் கோத்திருந்த ரப்பர் ஸ்டாப்பரை ஒல்லி கத்தியால் தட்டினான்.

"இதைப் பாதி வெட்டச் சொன்னாரே?"

லிஃப்ட்காரனுக்குச் சுருக்கென்றது. அவன் தொழிலில் இடியைத் தாங்குகிற பொருளில் கத்தி வைப்பது நினைத்துப் பார்க்கக்கூடாத பாவம். தேய்ந்தால் புதிது போடலாம், பக்கத்தில் இன்னொன்று சேர்க்கலாம். குறைப்பது கிடையாது.

"தாங்குறதைப் போய் எவனாவது வெட்டுவானா? முழுசா இருக்கட்டும். நல்லா தாங்கும்."

"நீ சொன்னா சரி. அந்த ஸ்பேனரைக் குடு."

வெயில் இறங்கும் நேரத்தில் கார் கீழே இறங்கியது. லிஃப்ட்காரன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையை விட்டுப் பார்த்தான். இரண்டு விரல்கூடப் போகவில்லை, ஒன்றரைதான். அத்தை மகனைவிட அரை விரல் கீழே! உலகத்தையே ஜெயித்ததுபோல் இருந்தது.

வீட்டு வாசலில் நிறுத்தி அவளைக் கீழே வரச் சொன்னான். வந்தாள். விரலில் பச்சைப் பஞ்சு ஒட்டியிருந்தது. காரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடி காரைப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு," என்றாள்.

அவ்வளவுதான். குத்துக்காலிட்டு உட்காரவில்லை. விரலை விடவில்லை. 'சும்மா அள்ளுது' இல்லவே இல்லை.

"கையை விட்டுப் பாரு."

"கையெல்லாம் பசை." பிறகு மெல்லக் கேட்டாள்: "திங்கக்கிழமை முன்மாதிரியை இதுலதானே கொண்டு போகணும்? ஆட்டம் குடுக்காதில்ல?"

"நான் லிஃப்ட்காரன்டி. ஆட்டம்னா என்னன்னு நீ எனக்குச் சொல்றியா?"

அவள் விரலில் இருந்த பஞ்சை உரிக்கத் தொடங்கினாள். அவளுக்கு எது பிடித்திருக்கிறது எது பிடிக்கவில்லை என்று கேட்க வேண்டிய இடம் அது. அவன் கேட்கவில்லை. அவனுக்கு அப்போது காதில் விழுந்துகொண்டிருந்தது வராமல் போன அந்தப் பாராட்டு மட்டும்தான். ஞாயிறு முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான்.

திங்கள் காலை பின்னிருக்கைகளை மடித்து, பஞ்சு மெத்தை விரித்து, இருவருமாக முன்மாதிரியைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். நான்கு கோபுரத்துக்கும் மேலே கண்ணாடி மூடி. மதியத்துக்குள் கட்டுமானக்காரரின் அலுவலகத்தில் இருக்க வேண்டும். இடம் வாங்குகிறவர்கள் மதியம் வருகிறார்கள். இது பிடித்துப்போனால் அவருடைய அடுத்த வேலைகள் எல்லாம் அவளுக்கே என்று சொல்லியிருந்தார். அதற்காகவே இதில் ஜன்னல் திரைகூட விடாமல் ஒட்டியிருந்தாள். முதல்நாள் மாலை, கண் எரிகிறது என்று சொல்லிக்கொண்டே கடைசி விளக்குக் கம்பத்தை நட்டதை அவனும் பார்த்திருந்தான்.

தெருமுனை தாண்டும்வரை ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருந்த வேகத்தடையில், எப்போதும்போல் பதமாகப் பிரேக் போட்டு ஏறினான்.

டம்.

வெட்டாமல் விட்ட ரப்பரில் ஷாக் முட்டி, யாரோ அடியிலிருந்து சுத்தியால் அடித்ததுபோல் இருந்தது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. இறங்கியதும் கார் மேலே எழும்பி, கீழே அமுங்கி, மறுபடி எழும்பி, குதிரை பழகாதவன் குதிரைமேல் போவதுபோலக் குதித்துக்கொண்டே போனது. பின்னால் கண்ணாடி மூடிக்குள் பொலபொலவென்று சத்தம்.

"மரம் விழுது," என்றாள் அவள்.

"ஒண்ணு ரெண்டு விழும். ஒட்டிக்கலாம்."

"மெதுவா போங்க."

"மெதுவாத்தான் போறேன்!"

அடுத்தது சாலையில் குழாய்க்காகத் தோண்டி மூடிய பள்ளம். சின்னதுதான். இரண்டு பக்கமும் லாரி, ஒதுங்க வழியில்லை. டம் என்ற சத்தத்தோடு இன்னொரு சத்தமும் கேட்டது, சுள்ளி முறிவதுபோல. கார் ஆடி அடங்கும்வரை அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "ஓரமா நிறுத்துங்க."

ஒரு மூடிய கடையின் முன்னால் நிறுத்தினான். பின்கதவைத் திறந்தார்கள். நான்கு கோபுரங்களில் ஒன்று அடித்தளத்திலிருந்து விட்டு, பக்கத்துக் கோபுரத்தின்மேல் சாய்ந்திருந்தது. மரங்கள் எல்லாம் ஒரு மூலையில் குவிந்திருந்தன. நீச்சல் குளத்தில் ஒரு சின்னக் கார் கவிழ்ந்து கிடந்தது. அரிசியளவு மனிதர்கள் எல்லோரும் படுத்திருந்தார்கள்.

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். திட்டவில்லை. கருவிப் பெட்டியைத் திறந்து இடுக்கியையும் பசையையும் எடுத்தாள். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. இடுக்கியைத் திரும்ப வைத்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"கோபுரத்தை இங்கயே ஒட்டிடுவேன். மரமும் நட்டுடலாம்," என்றாள் கடைசியில். "ஆனா திரும்ப இந்த வண்டியில வச்சு எப்படிக் கொண்டு போறது? இன்னும் பாதி தூரம் இருக்கு."

"வாடகை வண்டி..."

"இவ்வளவு அகலத்தை எந்த வண்டிக்காரர் ஏத்துவாரு? இப்ப கூப்பிட்டா எப்ப வருவாங்க?"

"அப்ப உங்க அத்தானைக் கூப்பிடு," என்றான். இளக்காரமாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். பாதியிலேயே குரல் இறங்கிப்போனது.

அவள் அவனை நேராகப் பார்த்தாள். "வேணாம். அவரு வந்து உதவிட்டுப் போனா நீங்க ஒரு மாசம் என்கிட்ட முகம் குடுத்துப் பேச மாட்டீங்க. அதுக்கு இது உடைஞ்சே போகட்டும்."

லிஃப்ட்காரனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. தான் எல்லாவற்றையும் மனதுக்குள் பூட்டி வைத்திருப்பதாக அல்லவா நினைத்துக்கொண்டிருந்தான்? அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும், அவன் மூஞ்சிக்குப் பயந்து, தன் கையால் நட்ட ஒவ்வொரு மரத்தையும் விட்டுக்கொடுக்கத் தயாராக நிற்கிறாள். தன்னுடைய வயிற்றெரிச்சலுக்கு இவ்வளவு விலையை அவள் தலையில் கட்டுவது அவனுக்கே கூசியது.

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அவனே கூப்பிட்டான்.

"பிரதர்! என்ன அதிசயம்!"

"ஒரு உதவி வேணும்," என்றான் லிஃப்ட்காரன். அந்த மூன்று சொல்லைச் சொல்வதற்குள் மூடிய கடையின் பெயர்ப்பலகையை இரண்டு முறை படித்துவிட்டான்.

அத்தை மகன் வந்து சேர்வதற்குள், அவள் காட்டிய இடத்தில் எல்லாம் லிஃப்ட்காரன் பிடித்துக்கொண்டு நின்றான். சாய்ந்த கோபுரம் நிமிர்ந்தது. தூக்குக்குண்டு விடாமலேயே அது நேராக நிற்கிறதா என்று அவனால் சொல்ல முடிந்தது. அந்த அளவுக்காவது பயன்பட்டான்.

நீலக் கார் வந்தது. அதுவும் தாழ்ந்த வண்டிதானே, இதே கதிதானே அதற்கும் என்று லிஃப்ட்காரன் உள்ளூர நினைத்தான். நினைத்தான் என்ன, கொஞ்சம் ஆசையும் பட்டான். ஆனால் அதே பள்ளத்தில் அந்தக் கார் இறங்கி, ஒரே ஒரு முறை மூச்சு வாங்கியதுபோல் அமுங்கி, அப்படியே நிமிர்ந்து வந்தது. குதிக்கவில்லை. அவன் கண்ணெதிரிலேயே.

அத்தை மகன் இறங்கினான். லிஃப்ட்காரனின் காரைச் சுற்றி வந்து, முன்பக்கத்தை இரண்டு கையாலும் அமுக்கி விட்டான். அது பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருந்தது.

"பிரதர், ஸ்பிரிங் மட்டும் மாத்தினீங்களா? ஷாக் பழசா?"

லிஃப்ட்காரன் தலையாட்டினான்.

"அடக் கடவுளே. நானும் இதே கூத்துதான் பண்ணேன். ஒரே மாசம், ஷாக்கெல்லாம் எண்ணெயைக் கக்கிருச்சு. இடுப்பு கழண்டு போச்சு. அப்புறம்தான் நாலு ஷாக்கும் குட்டையா வாங்கி மாட்டினேன். எங்க அப்பா சிரிச்ச சிரிப்பு இருக்கே!"

லிஃப்ட்காரனுக்குக் குழிக்குள் நின்றுகொண்டிருப்பதுபோல் இருந்தது. மெதுவாகப் போகிற லிஃப்ட்டுக்குத்தான் அடியில் வெறும் ஸ்பிரிங். வேகமாகப் போவதற்கு எண்ணெய் நிரப்பிய தாங்கி வேண்டும். ஏனென்றால் ஸ்பிரிங் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடும், எண்ணெய்தான் விழுங்கிக்கொள்ளும். இதைக் குடியிருப்புச் செயலாளர்களுக்கு எத்தனை முறை விளக்கியிருப்பான்! காரில் அந்த எண்ணெய் இருப்பது ஷாக்கில். தெரியாதவன் செய்திருந்தால் மன்னிக்கலாம். எல்லாம் தெரிந்தவன், விரலால் அளந்து பார்க்கிற அவசரத்தில், தன் தொழிலையே மறந்துபோயிருக்கிறான்.

முன்மாதிரி நீலக் காருக்கு மாறியது. கண்ணாடி மூடியைக் கழற்றி வைத்துவிட்டு முன்மாதிரியின் பக்கத்தில் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டாள் அவள், ஓடும்போதே மரம் நடுவதற்கு. இனி அத்தை மகன் ஓட்டுவான், தான் இந்தக் குதிரையில் பின்னால் ஆடிக்கொண்டே போக வேண்டும் என்று நினைத்து லிஃப்ட்காரன் தன் காரின் கதவைத் திறந்தபோது, அவன் கையில் ஒரு சாவி வந்து விழுந்தது.

"நீங்க ஓட்டுங்க பிரதர். உங்க வண்டியை நான் கொண்டாரேன்."

"ஏன்? உங்க வண்டி, நீங்களே..."

"நான் ஓட்டினா இவ உள்ள உக்காரவே மாட்டா. அன்னிக்கு ரவுண்டு போனோமே, வழியெல்லாம் எனக்கு அர்ச்சனை. 'எங்க வீட்டுக்காரரு பிரேக் போட்டா போட்டதே தெரியாது, நீங்களும்தான் இருக்கீங்களே, மாட்டு வண்டி ஓட்டுற மாதிரி'ன்னு. வண்டியைப் பத்தி ஒரு வார்த்தை பேசவிடல. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு உங்களை அப்பவே நாலு சாத்து சாத்தியிருப்பேன்."

பின்னிருக்கையில் அவள் ஒரு மரத்தை மும்முரமாக நட்டுக்கொண்டிருந்தாள். காது மடல் சிவந்திருந்தது.

லிஃப்ட்காரன் ஓட்டினான். வாழ்நாளில் அப்படி ஓட்டியதில்லை. ஒவ்வொரு வேகத்தடையையும் கும்பிடுவதுபோல் நெருங்கி, முன்சக்கரம் ஏறும்போது ஒரு மூச்சு, பின்சக்கரம் இறங்கும்போது இன்னொரு மூச்சு. கார் வெண்ணெயாகப் போனது. இப்போது அவன் பொறாமையெல்லாம் அந்த ஷாக் அப்சார்பர்கள்மேல் திரும்பியிருந்தது. கண்ணாடியில் பார்த்தான். பின்னால் அவன் காருக்குள் அத்தை மகனின் தலை, தாளம் போடுவதுபோல் மேலும் கீழும் போய்வந்துகொண்டிருந்தது. கூரையில் ஒருமுறை முட்டியும் விட்டது.

"சிரிக்காதீங்க, பாவம்," என்றாள் அவள், சிரித்துக்கொண்டே.

கட்டுமானக்காரருக்கு எந்த மரம் புதிதாக நட்டது என்று தெரியவில்லை. நீச்சல் குளத்தை மட்டும் நெடுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, "இதுல தண்ணி நிஜமா?" என்று கேட்டார். அடுத்த இடத்தின் வரைபடத்தை நாளைக்கே அனுப்புவதாகச் சொன்னார். வெளியே வந்ததும் அத்தை மகன் தன் சாவியை வாங்கிக்கொண்டு, இடுப்பைப் பிடித்தபடி கிளம்பிப் போனான்.

இருவரும் தங்கள் காரில் ஏறினார்கள். முதல் வேகத்தடையில் டம் என்றது. அவள் தலைக்கு மேலிருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை இதைக் கழட்டிட்டுப் பழசையே போட்டுடுறேன்," என்றான். பிறகு, சாலையைவிட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னான்: "எனக்கு வயித்தெரிச்சல். அதான் இப்படிப் பண்ணிட்டேன்."

"தெரியும்."

"நீ கார்ல கையை விட்டுப் பாத்தது எனக்குப் பொறுக்கல."

"நான் பாத்தது காரைங்க. ஆளை இல்ல." கைப்பிடியை விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பினாள். "நம்ம வண்டி பழையபடி இருந்ததுதான் எனக்குப் பிடிக்கும். என் வேலை எதையும் இதுவரைக்கும் அது உடைச்சதே இல்ல. நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"இனிமே கேக்குறேன்."

"கேளுங்க." சாலையோரக் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் அவர்கள் கார் தாழ்வாக, அழுத்தமாக, ஓடும் நிழலாகத் தெரிந்து மறைந்தது. அவள் கழுத்தைத் திருப்பி அதையே பார்த்தாள். "ஆனா ஒண்ணு. பாக்குறதுக்கு இது அம்சமாத்தாங்க இருக்கு. பேசாம அத்தான் போட்ட மாதிரி நாமளும் ஷாக்கை மாத்திடலாமா?"

லிஃப்ட்காரன் கொஞ்சம் யோசித்தான். யோசிக்க ஒன்றுமில்லை, அவன் கண்ணாலேயே பார்த்த வேலை, அதைவிடச் சிறந்ததாக ஒன்றைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம்தான்.

"மாத்தலாம்," என்றான். "ஆனா அவன் போட்ட கம்பெனி வேணாம். வேற பாப்போம்."